பெயரைத் தைப்பதற்கு முன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கைப்பந்தை விட்டுவிட்டு விளையாட்டு உடைத் தொழிலில் இறங்கப் போகிறாயாம். நிறுவனத்துக்கு உன் பெயர்தானாம், சின்னம்கூட வரைந்தாகிவிட்டதாம். நான்கு பக்கத்தில் துணியைப் பற்றி ஒரு வரி இல்லை. காலமெல்லாம் தையல் மிஷினோடு வாழ்ந்தவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பனிச்சறுக்கு வீராங்கனை காரி ட்ரோவை உதாரணம் காட்டியிருக்கிறாய். "அவரும் பனிச்சறுக்கை விட்டுவிட்டுத்தானே வியாபாரத்துக்கு வந்தார்" என்கிறாய். வருடங்களைச் சரியாகப் பார். நார்வேயில் வோஸ் என்ற ஊர்க்காரர். 1994இல் சொந்த நாட்டிலேயே லில்லஹாமரில் ஒலிம்பிக் நடந்தபோது முழங்கால் காயத்தால் இறங்க முடியவில்லை. 1998இல் நாகானோவில் வெண்கலம், 2002இல் சால்ட் லேக் சிட்டியில் தங்கம். தன் பெயரில் உடை நிறுவனம் தொடங்கியதும் அதே 2002இல்தான். அதன் பிறகும் களத்தை விடவில்லை; 2006இல் டூரினில் வெள்ளி வாங்கினார். நான்கு வருடம் கடையும் நடந்தது, சறுக்கும் நடந்தது.

அதற்கும் முன்னால் தொப்பி வந்துவிட்டது. போட்டிகளுக்காக ஊர் ஊராய் அலைந்த காலத்திலேயே கம்பளித் தொப்பிகளைக் கையால் பின்னிக்கொண்டிருந்தார். தொழிலின் வேர் அங்கே இருக்கிறது, பதக்கத்தில் இல்லை. பதக்கம் பெயரை ஊருக்குச் சொல்லியிருக்கும், அவ்வளவுதான்.

நார்வே பின்னலில் ஒரே வரிசையில் இரண்டு நிற நூல்கள் ஓடும். முகப்பில் ஒன்று பூவாக விழும்போது மற்றது பின்பக்கமாகச் சும்மா கூடவே போகும். அப்படிப் போகும் நூலால் துணி இரட்டைக் கனமாகிக் குளிரைத் தடுக்கிறது. அந்த நூலைக் கொஞ்சம் இறுக்கினால் முன்பக்கம் சுருங்கிவிடும், தளர விட்டால் போடும்போது விரல் மாட்டிக்கொள்ளும். இதைக் கையால் செய்து பழகியவரிடம் எந்த ஆலைக்காரரும் தட்டிக்கழித்துப் பேச முடியாது. அவர் பெயரில் இன்று விற்கும் கம்பளி உள்சட்டைகளில் அந்தப் பழைய பூவேலைதான் புது நிறங்களில் வருகிறது. நூல் மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் உடம்பில் சில்லென்று ஒட்டாது, வியர்வை நாற்றமும் எளிதில் பிடிக்காது.

அவருடைய ஆட்டத்தைப் பார்த்தாயா? மோகல்ஸ் என்கிறார்கள். சரிவு முழுக்க மேடுமேடாகப் பனி, நடுவே இரண்டு தாவல்கள். வேகத்துக்கும் தாவலுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் அந்நாளில் பாதி மதிப்பெண், மேடுகளுக்கிடையே எப்படித் திரும்புகிறார்கள் என்பதற்குத்தான். அதனால் கால்சட்டையின் முழங்காலில் வேறு நிறத் துணி வைத்திருப்பார்கள், கிழிசலுக்குப் போட்ட ஒட்டுபோல. இரண்டு முழங்கால்களும் சேர்ந்தே மடங்கி நிமிர்கின்றன என்று கீழே இருக்கும் நடுவருக்குத் தெரிய வேண்டுமே! ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவருக்குத்தான் இப்படித் துணி வைக்கத் தோன்றும். ஆண்களின் அளவைக் குறைத்து, இளஞ்சிவப்புச் சாயம் தோய்த்து, பெண்களுக்கென்று விற்பது இந்தத் தொழிலின் பழைய சோம்பேறித்தனம். நீயும் அதையே செய்யப் போகிறாய் என்றால் இப்போதே சொல்லிவிடு, பணத்தையாவது மிச்சப்படுத்தலாம்.

இனி பெயர் விஷயம். காரி ட்ரோ என்ற பெயரில் வரும் உடைகள் இன்று ஆக்டிவ் பிராண்ட்ஸ் என்ற நார்வே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. பியோர்ன் டேலி, தெரேசே யோஹாவ் என்ற இரண்டு பெரிய பனிச்சறுக்கு வீரர்களின் பெயரில் வரும் உடைகளும் அதே கூரையின்கீழ்தான். கைமாறியதை நான் குறை சொல்லவில்லை. வளர்ந்த தொழிலுக்குப் பெரிய முதல் வேண்டும். ஆனால் உன் பெயரைப் பலகையில் எழுதிவிட்டால், விற்கும் நாளில் தறியோடும் மிஷினோடும் அதுவும் சேர்ந்து போகும். அதே 2002இல் ஜே. பி. ஓக்ளேர், டானர் ஹால் முதலிய ஃப்ரீஸ்டைல் (சாகசப் பனிச்சறுக்கு) வீரர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆர்மடா என்ற பனிச்சறுக்குப் பலகை நிறுவனம் தொடங்கினார்கள். 2017இல் அது ஆமெர் ஸ்போர்ட்ஸ் என்ற பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனத்துக்குப் போய்விட்டது. அவரவர் பெயர் அவரவரிடமே இருந்தது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. உன் அப்பா வேறு மாதிரி சொல்கிறார், அவர் தனியாக எழுதுவார்.

ஆட்டத்தை இந்தப் பருவத்தோடு விட வேண்டாம். உடை மாற்றும் அறையில் உன்னோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைவிட நல்ல ஆலோசகர்களை எந்தச் சம்பளத்துக்கும் வாங்க முடியாது. பாய்ந்து விழுந்து பந்தை எடுக்கும்போது சட்டை எங்கே மேலேறுகிறது, அக்குள் தையல் யாருக்குக் காய்த்துப் போகிறது, மாதவிடாய் நாளில் எந்த நிறக் கால்சட்டையைக் கண்டால் வெறுப்பு வருகிறது என்று ஒவ்வொருத்தியிடமும் கேள். சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பு.

கூடவே நீ நினைத்திருக்கும் துணியில் இரண்டு மீட்டர் அனுப்பு. இழுபடும் துணிக்குச் சாதாரண ஊசி போட்டால் தையல் விட்டுவிட்டு விழும். முனை மழுங்கிய ஊசி வாங்கி வைக்கிறேன். முதல் சட்டையை உன் அளவுக்கு வெட்ட மாட்டேன். உங்கள் அணியில் தோள் அகலமான அந்த உயரமான பெண்ணின் அளவை அனுப்பு, அவளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு மற்றதைப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா