வேன் எங்கே வருகிறது? எங்கள் செயலியைப் பயன்படுத்தும் பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு, நல்ல மழை பெய்த ஒரு காலையில், கோவை சிங்காநல்லூர் பக்கமிருந்து ஒரு அம்மா எங்களைக் கூப்பிட்டார். யுகேஜி படிக்கும் மகனை வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து, வழக்கம்போலச் செயலியைத் திறந்து பார்த்திருக்கிறார், மேப்பில் வேனைக் காட்டும் பச்சைப் புள்ளி குளத்துக்கு நடுவில் நிற்கிறது. கரையில்கூட இல்லை, தண்ணீருக்குள். அவரால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டோம், வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. அப்புறம் வேனில் உடன் வரும் அக்காவின் எண்ணைப் பள்ளியில் கேட்டு வாங்கி அவரைப் பிடித்தபோது, வண்டி திருச்சி ரோடு சிக்னலில் நிற்கிறது, பிள்ளைகள் எல்லாம் பத்திரமாக இருக்கிறார்கள் என்றார். இதற்கு ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு. அந்த அம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். ஆனால் அதே புள்ளியை அந்த வேனின் மற்ற பெற்றோரும் பார்த்திருப்பீர்கள். அதனால் என்ன நடந்தது, எதை மாற்றியிருக்கிறோம் என்பதை எல்லோருக்கும் எழுதுவதுதான் முறை.

பேசும்போது பலர் "சாட்டிலைட் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது, எப்படித் தப்பாகும்?" என்று கேட்டீர்கள். எந்தச் செயற்கைக்கோளுக்கும் நம் வேன் இருப்பது தெரியாது. இடம் கண்டுபிடிக்க உதவும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, "இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அதைக் கேட்பது டிரைவரின் போன். சொன்ன நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து, ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போனே கணக்குப் போடுகிறது. ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரே ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், போனில் இருப்பது சாதாரணக் கடிகாரம். அந்தப் போன் கடிகாரத்தின் பிசகையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான் மூன்று போதாமல் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்க வேண்டும். இப்போது வரும் பெரும்பாலான போன்கள் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ போன்றவற்றையும் கேட்கின்றன, சில போன்கள் நம் இஸ்ரோவின் நாவிக்கையும் கேட்கின்றன. வானம் திறந்திருந்தால் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது, அன்றைய நிலையில் இப்படி ஒரு வேன் செயலியை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

ஆனால் அந்தக் குரல் மிக மெல்லியது. தகரக் கூரை, கான்கிரீட், மேம்பாலத்தின் அடிப்பகுதி என்று எது குறுக்கே வந்தாலும் அடங்கிவிடும், அல்லது பக்கத்துக் கட்டடத்தில் மோதித் திரும்பி, சுற்றி வந்த தூரத்தையும் சேர்த்துச் சொல்லும். அவிநாசி ரோட்டில் வரும் வேன்களைப் பார்க்கும் பெற்றோருக்கு இது தெரிந்திருக்கும், பாலத்துக்கு அடியில் வரும்போது புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவித் தாவித் திரும்பும். வேன் பாலத்தின் மேலே போகிறதா கீழே போகிறதா என்பதையும் மேப்பை வைத்து நம்பிச் சொல்ல முடியாது, ஏனென்றால் உயரத்தைக் கணிப்பதில் ஜிபிஎஸ் இன்னும் பலவீனம்.

சரி, குளத்துக்கு வருகிறேன். அன்று மழைச்சாரல் படாமல் இருக்க டிரைவர் அண்ணன் போனை சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பு டூல் பாக்ஸில் வைத்துவிட்டார். அவர் மேல் தவறு இல்லை, எங்கே வைக்க வேண்டும் என்று நாங்கள் அவரிடம் சொன்னதே இல்லை. பெட்டிக்குள் செயற்கைக்கோள் கேட்காது. அப்படிக் கேட்காதபோது போனை இயக்கும் ஆண்ட்ராய்டு மென்பொருள் சும்மா இருந்துவிடாது, சுற்றியிருக்கும் வைஃபையையும் செல்போன் டவர்களையும் வைத்து ஒரு உத்தேச இடத்தைச் சொல்லும். அன்று பெட்டிக்குள் வைஃபையும் சரியாகக் கிடைக்காமல், டவரை வைத்துச் சொன்னது. ஒவ்வொரு முறை இடத்தைச் சொல்லும்போதும் போன் கூடவே இன்னொரு எண்ணையும் தரும்: "நான் சொன்ன இடத்தைச் சுற்றி இத்தனை மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 68 சதவீதம் வாய்ப்பு." அன்று அந்த எண் 1,400. அதாவது வேன் இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றுக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் போன் சொன்னது, வட்டத்தின் நடுப்பகுதி குளத்தில் விழுந்தது, நாங்கள் அந்த 1,400 என்ற எண்ணை எடுத்துப் பார்க்காமல் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டோம். பதிவுகளைத் திறந்து அந்த வரியைப் பார்த்தபோது எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. போன் உண்மையைச் சொல்லியிருக்கிறது, அதைப் பாதியாக வெட்டி உங்களிடம் கொடுத்தது நாங்கள்.

புதிய பதிப்பில் வேனைச் சுற்றி வட்டம் தெரியும். வட்டம் சின்னதாக இருந்தால் இடம் உறுதி, பெரிதாக இருந்தால் போனுக்கே சந்தேகம் என்று பொருள். வட்டம் 100 மீட்டரைத் தாண்டினால் புள்ளியை நகர்த்தவே மாட்டோம், அது சாம்பல் நிறமாக மாறி, "கடைசியாகத் தெரிந்த இடம், 3 நிமிடத்துக்கு முன்பு" என்று நேரத்தோடு நிற்கும். இந்த நேரம் காட்டும் விஷயமும் முன்பு இல்லை. போனிடம் "கடைசி இடத்தைச் சொல்" என்று கேட்டால் உடனே பதில் வரும், ஆனால் அது எப்போது எடுத்தது என்று பார்க்காவிட்டால் நேற்று மாலை ஷெட்டில் நின்ற இடத்தைக்கூடக் காட்டிவிடும். காலையில் "வேன் இன்னும் கிளம்பவே இல்லை" என்று சிலர் பதறிக் கூப்பிட்டீர்களே, காரணம் இதுதான்.

அடுத்தது, வேன் வரப்போகிறது என்கிற மணி. "ஸ்டாப்பை விட்டு வண்டி போன பிறகு அடிக்கிறது" என்பதுதான் நீங்கள் அதிகம் சொன்ன குறை. ஒவ்வொரு ஸ்டாப்பையும் சுற்றி 50 மீட்டரில் ஒரு கற்பனை வேலி போட்டு, வேன் அதற்குள் வந்ததும் சொல்லும்படி போனிடமே விட்டிருந்தோம். பேட்டரியைக் காப்பாற்ற ஆண்ட்ராய்டு அந்த வேலியை நொடிக்கு நொடி சோதிக்காது, சில சமயம் இரண்டு மூன்று நிமிடம் தாமதமாகும், வேலி 100 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் ஆண்ட்ராய்டைத் தரும் கூகுளே சொல்லியிருக்கிறது. வேலியை 500 மீட்டராக்கிப் பார்த்தோம், வேறு சிக்கல் வந்தது. குளத்துக்கு அக்கரையில் வேன் போகும்போது நேர்கோட்டில் 500 மீட்டர்தான், ரோட்டில் சுற்றி வர கால் மணி நேரம் ஆகும், பிள்ளை மழையில் வாசலில் நின்றுகொண்டிருக்கும். அதனால் நேர்கோட்டுத் தூரத்தையே விட்டுவிட்டோம். இனி எங்கள் சர்வரில், வேன் வரும் வழியின் வரிசைப்படி பார்த்து, உங்களுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் வண்டி கிளம்பியதும் மணி அடிக்கும்.

நடுவில் நெட்வொர்க் இல்லாத இடம் வந்தால்? இடத்தைக் கண்டுபிடிக்க டேட்டா தேவையில்லை, அதை எங்களுக்கு அனுப்பத்தான் தேவை. நெட்வொர்க் வரும்வரை டிரைவர் போன் சேர்த்து வைத்திருந்து மொத்தமாக அனுப்பும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பற்றிச் சிலர் மெதுவாகக் கேட்டீர்கள்: "எங்கள் போனின் லொகேஷனை எதற்குக் கேட்கிறீர்கள்?" சரியான கேள்வி. வேன் இடம் தெரிய உங்கள் போன் இருக்கும் இடம் எங்களுக்கு வேண்டியதே இல்லை. உங்கள் ஸ்டாப்பைப் பதிவு செய்ய ஒரே ஒரு முறை போதும். பழைய பதிப்பு தேவையில்லாமல் ஒவ்வொரு முறையும் கேட்டது, அதை எடுத்துவிட்டோம். இனிமேல் கேட்டால் "இந்த முறை மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஆண்ட்ராய்டு 11-லிருந்து எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் அது உண்டு. அனுமதியே தர விருப்பமில்லை என்றால் மேப்பில் விரலால் குறி வைத்தாலும் போதும்.

டிரைவர்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும் என்று நினைக்கிறோம். அவர் போன் அவர் சொந்தப் போன், வேலை முடிந்ததும் அவரோடு வீட்டுக்குப் போகிறது. "எப்போதும் அனுமதி" என்று ஒரு வகை இருக்கிறது, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நாங்கள் அதைக் கேட்பதில்லை. "பயணம் தொடங்கு" என்ற பொத்தானை அவரே அழுத்தினால்தான் இடம் எடுக்க ஆரம்பிக்கும், எடுக்கும் நேரம் முழுவதும் அவர் திரையில் ஓர் அறிவிப்பு தெரியும், முடித்ததும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை டிரைவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க முடியுமா என்று ஓரிடத்தில் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டோம், அந்த ஒப்பந்தமும் போனது. அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. வேன் சென்ற பாதையை 30 நாள் வைத்திருந்து அழித்துவிடுகிறோம். அதில் எந்தப் பிள்ளையின் பெயரும் இருக்காது.

பள்ளி நிர்வாகத்தினரும் இதைப் படிப்பதால் இரண்டு வேண்டுகோள். டிரைவர் போனுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஹோல்டர் வைத்துக் கொடுங்கள், ஆனால் நேர் வெயில் படாத பக்கம், சித்திரை வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடுகிறது. முன்பு ஐந்து நொடிக்கு ஒரு முறை இடம் எடுத்தோம், அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் இப்போது பத்து நொடி. அப்புறம், சில கம்பெனி போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று எங்கள் செயலியைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகின்றன. அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய் எங்கள் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். போன் அப்டேட் ஆன பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

புதிய பதிப்பு வரும் திங்கள் முதல் கிடைக்கும். திறந்ததும் உங்கள் ஸ்டாப்பை ஒரு தடவை சரிபாருங்கள். ஜூன் மாதம் பதிவு செய்தபோது நிறையப் பேர் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே அழுத்தியிருக்கிறீர்கள், சிலருடைய குறி அடுத்த தெருவில் இருக்கிறது. ஸ்டாப்பில் போய் நின்று, வட்டம் சுருங்கும்வரை அரை நிமிடம் பொறுத்து, பிறகு சேமியுங்கள். இன்னொரு மாற்றம்: புள்ளி சாம்பலாகி ஐந்து நிமிடம் ஆனால் திரையில் ஒரு போன் பொத்தான் வரும். அதை அழுத்தினால் அழைப்பு டிரைவருக்குப் போகாது, வேனில் உடன் வரும் அக்காவுக்குப் போகும். அவர்கள் எல்லோரிடமும் சம்மதம் கேட்டுத்தான் இதைச் சேர்த்திருக்கிறோம்.