இன்னும் வராததும் இல்லாததும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, மகளின் உதவித்தொகை விவரம் அறிய ஓர் இணையதளத்தைத் திறந்தபோது, "விண்ணப்பம் எதுவும் இல்லை" என்ற வரியைக் கண்டு பதறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கே வந்துவிட்டார். என் கைப்பேசியிலும் முதலில் அதே வரிதான் தெரிந்தது. நான்கு நொடி கழித்து விண்ணப்ப எண் வந்தது. மலையில் சிக்னல் குறைவு. அவர் அதற்குள் பக்கத்தை மூடியிருக்கிறார்.

இணையப் பக்கங்கள் எழுதுவதே என் தொழில் என்பதால் சொல்கிறேன்: இது தகவலை அனுப்பும் சர்வரின் பிழையன்று, அதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று வகுக்கும் டெம்ப்ளேட்டின் பிழை. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2015 முதல் தரநிலையாக உள்ள, பின்னர் வரவிருக்கும் மதிப்பைக் குறிக்கும் பிராமிஸுக்குக் காத்திருப்பு, நிறைவேற்றம், நிராகரிப்பு என்று மூன்று நிலைகள் உண்டு. நிறைவேறிய பின்னும் பட்டியல் காலியாக இருக்கக்கூடும் என்பதால், டெம்ப்ளேட்டில் காத்திருப்பு, தகவல், காலிப் பட்டியல், பிழை என நான்கு காட்சிகளைத் தனித்தனியே எழுத வேண்டும். பக்கங்கள் எழுத உதவும் லிட் என்ற நிரல் நூலகத்தின் 'அன்டில்' என்ற வசதி, மதிப்பு வரும்வரை நாம் தரும் மாற்று வரியைக் காட்டும். அதே வேலைக்கான ஆங்குலர் என்ற மற்றொரு மென்பொருளில் 'ஏசிங்க்' பைப் என்ற வசதியோ அதுவரை 'நல்', அதாவது வெற்று மதிப்பு, என்றே தரும். அந்த நல்லை "இல்லை" என்று மொழிபெயர்த்துவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

இணைப்பு அறுந்தால் "மீண்டும் முயல்க" என்ற பொத்தானாவது வேண்டும். பொதுமக்கள் சேவைத் தளங்களை உருவாக்குவோர், வேகம் குறைந்த இணைப்பில் ஒருமுறை சோதித்த பிறகே அவற்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.