ஓப் வளைகுடா பற்றி ராமநாதனுக்கு

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மருத்துவர் சொன்ன நாள் வரை குனிந்து எதையும் தூக்காதே. வரைபடப் புத்தகத்தைக்கூட மேசைமேல் வைத்தே பார்.

சைபீரியாவின் உச்சியில் கத்தியால் கீறினாற்போல் ஒரு நீலக்கோடு உள்ளே இறங்குகிறதே, அது என்ன, அதற்குள் எப்படிக் கப்பல் போகிறது என்று கேட்டிருந்தாய். அதுதான் ஓப் வளைகுடா. ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே இருக்கும் சாலேகார்ட் நகரில் விரலை வை. ஓப் ஆறு அங்கிருந்து கிழக்கே போய் வளைகுடாவில் சேரும். பிறகு வடக்கே திரும்பி 800 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் காரா கடல். இடப்பக்கம் யமால் தீபகற்பம். அங்கே வாழும் நெனெத்ஸ் மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு ‘நிலத்தின் முடிவு’ என்று பொருள். வலப்பக்கம் கிதான் தீபகற்பம். பாதி வழிக்கு மேல் கிழக்கிலிருந்து தாஸ் வளைகுடா வந்து சேர்கிறது.

வளைகுடா என்ற பெயரைக் கேட்டதும் உப்புநீரை நினைத்துவிடாதே. இது ஒரு நீண்ட கழிமுகம். பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஓப் ஆறு ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கன கிலோமீட்டர் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதனால் தெற்கிலும் நடுவிலும் இருப்பது நன்னீர்தான். உப்பு வடக்குப் பகுதியில் மட்டும், அதுவும் பெரும்பாலும் அடியில் கிடக்கும். அங்கே நடக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த நன்னீர்தான்.

முதலில் பனிக்கட்டி. கடல்நீர் உறைய மைனஸ் 1.8 டிகிரி வேண்டும். நன்னீருக்குப் பூஜ்யமே போதும். அதனால் அக்டோபரிலேயே உறைந்துவிடும். வடக்கு முனை முழுதாகத் திறக்க ஜூலை ஆகிவிடும். குளிர்கால முடிவில் தடிமன் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். அதைவிட முக்கியம் அதன் உறுதி. உப்புநீர் உறையும்போது உப்புக் கரைசல் கட்டிக்குள் நுண்ணிய குழிகளில் தங்கிவிடும். அந்தக் குழிகளால் கட்டி பலவீனமாகும். நன்னீர்க் கட்டியில் குழியே இல்லை, கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். அதே தடிமனுள்ள கடல்பனியை உடைப்பதைவிட இதை உடைக்க அதிக விசை வேண்டும்.

அடுத்தது ஆழம். பல இடங்களில் 10, 12 மீட்டர்தான். ஆறு கொண்டுவரும் வண்டலும் மணலும் முகத்துவாரத்தில் திட்டாகப் படிகின்றன. பெரிய பனியுடைப்புக் கப்பலுக்கு அடியில் நிறைய ஆழம் வேண்டும் என்பதால், ஆற்று முகங்களுக்கென்றே சுமார் 8 மீட்டர் மட்டும் நீரில் இறங்கி நிற்கும் தைமீர், வைகாச் என்ற இரண்டு அணுசக்திக் கப்பல்களைக் கட்டினார்கள். இப்போதுள்ள புதிய ஆர்க்டிகா வகை அணுசக்திப் பனியுடைப்புக் கப்பல், அடித்தொட்டிகளில் நீரை நிரப்பியும் வெளியேற்றியும் பத்தரை மீட்டரிலும் மிதக்கும், எட்டரை மீட்டரிலும் மிதக்கும். அங்கே அலையேற்றத்தைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். வடகாற்று தண்ணீரை உள்ளே தள்ளும்; தென்காற்று நீடித்தால் மட்டம் இறங்கிக் கப்பலின் அடி தரை தட்டும்.

யமால் கரையில் உள்ள சபேத்தா துறைமுகத்திலிருந்து 2017 டிசம்பரில் திரவ எரிவாயு முதன்முதலாகக் கப்பலேறியது. அந்தக் கப்பல்கள் 299 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், ஏறக்குறைய 12 மீட்டர் நீருக்குள். மணல்திட்டைத் தாண்ட 15 மீட்டர் ஆழத்துக்குத் தூர்வாரி, சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். வெட்டியபோது அதன் அகலம் 295 மீட்டர். கப்பலின் நீளம் கால்வாயின் அகலத்தைவிட அதிகம்! உள்ளே நுழைந்தபின் திரும்ப வழியில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே தடத்தில் கப்பல்கள் போய்வந்தால் உடைந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மறுபடி உறைந்து, தொடாத பனியைவிடத் தடித்துவிடும். திறந்த வெளியில் பக்கத்தில் புதுத் தடம் போட்டுக்கொள்ளலாம். கால்வாய்க்குள் விலக இடமேது?

மீன்கள் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. ஓப் ஆற்றுக்குக் குளிர்காலத்தில் வரும் நீரில் பெரும்பங்கு சதுப்பிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் வருவது. அதில் கரைந்த இரும்பும் மட்கிய தாவரப் பொருளும் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மேலே பனி மூடியிருப்பதால் காற்றிலிருந்து புதிதாகச் சேராது. ‘ஸமோர்’ என்பார்கள், மூச்சுமுட்டல். அந்த நீர் ஆற்றோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கிவர, முக்சூன், நெல்மா, ஸ்டர்ஜன் போன்ற மீன்கள் அதற்கு முன்னே ஓடி வளைகுடாவுக்குள் ஒதுங்குகின்றன. வழியில் தப்பாத மீன்கள் நல்ல நீர் ஊறும் ஊற்றுக்கண்களில் மொய்த்துக் கிடக்கும். குளிர்காலக் கடைசியில் அந்தக் கெட்ட நீர் வளைகுடாவின் தெற்கிலும் நுழைந்துவிடும். வடக்கிலோ பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்த உப்புநீர். நன்னீர் மீனுக்கு அது ஆகாது. இரண்டுக்கும் நடுவில் எஞ்சும் துண்டுதான் அவை பிழைத்திருக்கும் இடம். மணல்திட்டு ஓர் அணை மாதிரி உப்பைத் தடுத்து வந்தது. அதைத் தோண்டி வழி விட்டால் அடிவழியாக உப்பு தெற்கே ஏறி, அந்த இடமும் சுருங்கும் என்ற அச்சம் நியாயமானது. ஏற்கெனவே முக்சூன் அருகிப்போய் 2014 முதல் ஓப் படுகையில் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது. கால்வாயை இன்னும் அகலமாக்குமுன் அடிநீரின் உப்பை ஒவ்வொரு மார்ச்சிலும் ஏப்ரலிலும் அளந்து பார்க்க வேண்டும். கோடையில் அளந்த கணக்கு இந்த மீன்களுக்கு உதவாது.

ஒப்த்சின் என்ற ரஷ்ய மாலுமி 1734இல் தொடங்கி இந்த வளைகுடாவிலிருந்து வெளியேற நான்கு கோடைகள் முயன்றார். பனியும், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும் திருப்பி அனுப்பின. 1737இல்தான் வெளியே போய் யெனிசேய் ஆற்றை எட்டினார். இப்போது உனக்கு அது வியப்பாக இராது.

கண் தெளிந்ததும் ஜூன் கடைசி வாரச் செயற்கைக்கோள் படம் ஒன்றைப் பார். தெற்கே பழுப்பு நீர் விரிந்திருக்கும், வடக்கே இன்னும் வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று குறித்து எழுது.

அன்புடன்,
செல்வராஜ்