உருக்குலைந்த கார் வேகத்துக்குச் சாட்சியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரியும் காரும் நேருக்கு நேர் மோதிய விபத்து பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், "கார் உருக்குலைந்து கிடந்ததே அது வந்த வேகத்துக்குச் சாட்சி" என்றொரு வரி இருந்தது. காரை ஓட்டியவர் இறந்துவிட்டார். இனி அவர் வந்து மறுக்கப்போவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

லாரியின் நிறை காரினுடையதைப் போல் பத்து மடங்கு என்றால், மோதும் கணத்தில் காரின் திசைவேகம் மாறும் அளவும் லாரியினுடையதைப் போல் பத்து மடங்கு. உந்த அழிவின்மை விதி என்று பள்ளியில் நாம் எல்லோரும் படித்ததுதான். தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அசையாமல் நின்ற காரைக்கூட லாரி அப்படி நசுக்கிவிடும். போதாக்குறைக்கு, உள்ளே இருப்பவரைக் காப்பதற்காகவே இன்றைய கார்களின் முன்பகுதி மடிந்து நசுங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. நசுங்கலிலிருந்து வேகத்தைக் கணிக்க முடியும்தான். ஆனால் அதற்கு முன்பகுதி எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று பல இடங்களில் அளந்து, அதே வகைக் காரின் மோதல் சோதனை அளவுகளோடு ஒப்பிட்டாக வேண்டும். புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

தங்கள் இதழ் இப்படித் தவறாகக் கணிப்பது இது முதல் முறையும் அல்ல. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகத்தை (டயர் சாலையைப் பற்றும் அளவை) 0.7 என்று கொண்டால், பிரேக் பிடித்ததில் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு 20 மீட்டர் நீளத்துக்கு டயர் தடம் விழத் தேய்ந்து நின்ற வாகனம் ஏறக்குறைய மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்திருக்கும். அந்தத் தடத்தின் முடிவில் அது நிற்காமல் 40 கி.மீ. வேகத்தில் மோதியிருந்தால், தொடக்க வேகம் 72 கி.மீ.; வேகங்களை அல்ல, அவற்றின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். தங்கள் இதழ் முன்பொரு செய்தியில் நேராகக் கூட்டி 100 என்று அச்சிட்டது. அதைச் சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. இன்னொரு முறை, சாலையில் தடம் இல்லாததால் ஓட்டுநர் பிரேக்கே பிடிக்கவில்லை என்று எழுதினீர்கள். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு உள்ள வாகனம் முழு பலத்தோடு பிரேக் பிடித்தாலும் தடம் மங்கலாகவே விழும், சில வேளை விழாமலும் போகும்.

என் தம்பி இரவில் மோட்டார் சைக்கிளில் வந்தபோது லாரி மோதி இறந்தான். முகப்பு விளக்கை எரியவிடாமல் வந்தான் என்று செய்தி வந்தது. காவல் நிலையத்தில் போட்டிருந்த வண்டியின் விளக்கை நான் கையில் எடுத்துப் பார்த்தேன்: நெருக்கமான சுருளாக இருக்க வேண்டிய டங்ஸ்டன் இழை இழுபட்டு, நீண்டு, ஒரு பக்கமாக வளைந்திருந்தது. எரியும் விளக்கின் சூடான இழைதான் மோதலில் அப்படி நீளும். அணைந்திருந்தால் நீளாது, உடைந்தால் நறுக்கென்று உடையும். விசாரித்த அதிகாரியிடம் காட்டினேன். வழக்கு முடிந்துவிட்டது என்றார். தங்கள் அலுவலகத்துக்கும் வந்து சொன்னேன். காவல்துறை சொன்னதைத்தான் போட்டோம் என்றார்கள். அவன் பிள்ளைகள் அந்த வரியைப் படித்துத்தான் வளர்ந்தார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. தடத்தின் நீளம் அளக்கப்பட்டதா, ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவாகியிருக்கக்கூடிய கடைசி சில விநாடிகளின் வேகம் எடுக்கப்பட்டதா என்று தங்கள் செய்தியாளர் காவல்துறையிடம் கேட்கட்டும். இல்லையென்று பதில் வந்தால், "வேகம் இன்னும் கணக்கிடப்படவில்லை" என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்