மயிலாடும்பாறை இரும்புக்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மயிலாடும்பாறை அகழாய்வு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் வகுப்பில் படித்துக் காட்டினேன். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கி.மு. 2172-லேயே இரும்பு புழங்கியது என்று 2022-இல் அறிவித்தபோது வந்த பெருமை இன்னும் குறையவில்லை. ஆனால் கட்டுரை உலையோடு நின்றுவிட்டது. அந்த இரும்பு பூமிக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

பெருவெடிப்பில் உண்டானவை ஹைட்ரஜனும் ஹீலியமும், துளி லித்தியமும்தான். மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நட்சத்திரங்களே சமைத்தன. மிகப் பெரிய நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே வெடித்து, ஆக்சிஜனையும் மெக்னீசியத்தையும் ஏராளமாக வீசிவிடும். இரும்பில் பெரும்பங்கு அப்புறம்தான் வந்தது. அது வெண்குள்ள நட்சத்திரங்கள் (எரிபொருள் தீர்ந்த நட்சத்திரங்களின் சுருங்கிய மிச்சம்) வெடித்து வந்தது, அதற்கு இன்னும் நீண்ட காலம் பிடிக்கும். ஆக, சேலம் வெள்ளைக்கல்லில் இருக்கும் மெக்னீசியமும் நம் ஊர் இரும்பும் பெரும்பாலும் வேறு வேறு வெடிப்புகளின் பிள்ளைகள்!

இந்தத் தாமதம்தான் வானியலாளர்களுக்குப் பெரிய துப்பு. ஒரு நட்சத்திரத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, இரும்பு எவ்வளவு, அதற்கு எத்தனை பங்கு மெக்னீசியம் என்று பார்ப்பார்கள். இரும்பும் குறைவு, மெக்னீசிய விகிதமும் உயர்வு என்றால், வெண்குள்ளர்கள் பெருமளவில் வெடிக்கத் தொடங்கும் முன் பிறந்தது அது. 1944-இல் வானியலாளர் வால்டர் பாடே, போர்க்கால இருட்டடிப்பில் இருந்த லாஸ் ஏஞ்சலிஸ் அருகே, ஆண்ட்ரோமீடா என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தின் நட்சத்திரங்களை இரண்டு கூட்டமாக (இளையவை, முதியவை என்று இன்று சொல்கிறோம்) பிரித்தார். இந்தத் தனிமக் கணக்கு அந்தப் பிரிவை இன்னும் நுணுக்கமாக்கியது. நம் பால்வீதியின் தட்டைச் சூழ்ந்திருக்கும் வெளிவட்டத்தில் ஒரு கூட்டம் நட்சத்திரங்களுக்கு, அதே இரும்பு அளவுள்ள மற்றவற்றைவிட மெக்னீசியம் குறைவு. அவை சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து கலந்த ஒரு சிறிய விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தவை என்று நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவுகள் 2018-இல் காட்டின. வேற்றூர் நட்சத்திரத்தை அதன் உடலில் உள்ள தனிமங்களை வைத்தே அடையாளம் காண முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இதையெல்லாம் கேட்க வெளிநாடு போக வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அடுத்த அகழாய்வுச் செய்தியோடு, அங்கே நிறமாலை ஆய்வு செய்பவர் ஒருவரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்கிப் போடுங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இரும்புப் பொருட்களுக்குப் பக்கத்தில் இந்த விவரத்தோடு ஒரு பலகை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்,
ஊத்தங்கரை.