தலைப்பு எழுத்தை நசுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அரசு அலுவலகங்களில் பணி நேரம் மாற்றம்’ என்று அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த தலைப்பை நான் முதலில் ‘பனி நேரம்’ என்றே படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் அது மூன்று சுழி ‘ண’ என்று விளங்கியது. தலைப்பை மூன்று பத்தி அகலத்துக்குள் அடக்குவதற்காகத் தடித்த எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் நெருக்கியிருந்ததால், சுழிகளின் உள்ளே இருக்க வேண்டிய வெள்ளை முழுவதும் மையால் அடைபட்டுப் போயிருந்தது.

ஒடுங்கிய தடித்த எழுத்து வேறு, நசுக்கிய எழுத்து வேறு. ஜெஃப்ரி லீ வடிவமைத்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் அச்செழுத்து வார்ப்பகம் 1965-இல் வெளியிட்ட ‘இம்பேக்ட்’ என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மீம்களில் அதைப் பார்க்காதவர் இல்லை. அதில் நின்ற கோடுகள் மிகத் தடித்தவை, எழுத்தின் உள்ளிருக்கும் வெள்ளை ஒரு கீற்றளவே. ஆனால் அந்தக் கீற்று அடைபடாதபடி ஒவ்வோர் எழுத்தும் அந்த அகலத்துக்கென்றே வரையப்பட்டது. மாறாக, அகலமான எழுத்தை எடுத்து 70 விழுக்காடாகக் குறுக்கினால், நின்ற கோடுகள் மெலிந்துவிடும், படுத்த கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்கும், சுழிகள் நசுங்கும். சுழிகளை நம்பி வாழும் நம் எழுத்துக்கு இது பெருங்கேடு.

இம்பேக்டில் எழுத்தின் மேலும் கீழும் நீளும் பகுதிகள் மிகக் குட்டை. ஆகவே வரிகளை நெருக்கி அடுக்கலாம். மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் விசிறியும், கீழே ‘கு’, ‘மூ’ ஆகியவற்றின் வளைவும் உள்ள தமிழுக்கு அந்த வசதி கிடையாது. போதாக்குறைக்கு, ‘லை’, ‘னை’ போன்றவை முன்பு எழுத்தோடு ஒட்டிய துதிக்கை வடிவில் இருந்தன. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் அதைத் தனிக் கொம்பாக்கியதால் தலைப்புகள் சற்று நீண்டும்விட்டன. (சீர்திருத்தத்தை நான் குறை சொல்லவில்லை, எழுத்துப் பெட்டியில் அறைகள் குறைந்ததில் அச்சுக்கோப்பாளர்களான எங்களுக்கு மகிழ்ச்சிதான்.)

அனேக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய எழுத்துருக்களில் ஒடுங்கிய வடிவங்கள் முறையாக வரையப்பட்டே கிடைக்கின்றன. உரிமக் கட்டணமும் இல்லை. தலைப்புகளுக்கு அவற்றைப் பயன்படுத்துமாறு வேண்டுகிறேன். செய்தியின் உடற்பகுதிக்கு அவை வேண்டாம். நான்கு வரிக்குள் கண் களைத்துவிடும்.

அப்படியும் தலைப்பு அடங்காவிட்டால் என்ன செய்வது? ஈய எழுத்தை நசுக்க முடியாது என்பதால், நான் பக்கம் கட்டிய காலத்தில் உதவி ஆசிரியர் சொல்லைத்தான் மாற்றிக் கொடுப்பார். ‘அரசு அலுவலக நேரம் மாறுகிறது’ என்றிருந்தால் மூன்று பத்திக்குள் அடங்கியிருக்கும், ‘ண’வும் வந்திருக்காது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
மதுரை.