அந்தச் சங்கிலியை ஏன் வெட்டினீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பழைய கப்பல்கள் பற்றிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு போட்ட, 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலை வடிவமைத்த எஞ்சினியர் புரூனலின் படத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. இஸம்பார்ட் கிங்டம் புரூனலின் முகத்தையும் தொப்பியையும் மட்டும் நறுக்கி, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஒரு மூலையில் வைத்திருக்கிறீர்கள். பின்னால் துண்டாகத் தெரிகிற இரும்பை "நங்கூரச் சங்கிலி" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எடுத்தவர் பெயரோ எங்குமே இல்லை.

அது நங்கூரச் சங்கிலி இல்லை. லண்டன் மில்வால் பகுதியில், ஜான் ஸ்காட் ரஸ்ஸலின் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலின் நீளம் 692 அடி. வழக்கம்போல் பின்பக்கமாகத் தண்ணீரில் தள்ளினால் எதிர்க்கரையில் போய் முட்டும், தேம்ஸ் அவ்வளவு அகலம் கிடையாது. அதனால் பக்கவாட்டில், சரிவின் வழியே இறக்கத் திட்டம் போட்டார் புரூனல். அப்படி இறங்கும்போது கப்பல் கட்டுமீறி ஓடிவிடக் கூடாதே என்று பெரிய உருளைகளில் சுற்றி வைத்த பிரேக் சங்கிலிதான் அவருக்குப் பின்னால் சுவர் போல நிற்கிறது. கடைசியில் நடந்தது நேர் எதிர். 1857 நவம்பர் 3 அன்று முதல் முயற்சியில் கப்பல் கொஞ்சம் நகர்ந்ததும் உருளையின் கைப்பிடி வெறிபிடித்த மாதிரி சுழன்று, பிடித்திருந்த ஆட்களைத் தூக்கி எறிந்தது. உயிரும் போனது. அதற்குப் பிறகு கப்பல் நகர மறுத்தது. ஹைட்ராலிக் ஜாக்கிகளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி, 1858 ஜனவரி 31 அன்றுதான் ஒருவழியாக மிதந்தது. படம் எடுத்தது அந்த நவம்பரில். இது தெரிந்தால்தான் அந்த முகத்துக்கே ஓர் அர்த்தம் கிடைக்கும். நீங்களோ சரியாக அதைத்தான் வெட்டிவிட்டீர்கள்.

அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எப்படிப் படம் எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்: ஸ்டுடியோவுக்குப் போய், நாற்காலி, திரைச்சீலை, கையில் ஒரு புத்தகம் அல்லது வரைபடச் சுருள். இவர் என்னடா என்றால் வாயில் சுருட்டு, பாக்கெட்டில் கை, சுருங்கிப்போன கால்சட்டையில் சேறு. அந்தச் சேறுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதையும் காணோம். வேலைத்தளத்திலேயே ஒரு எஞ்சினியரை நிறுத்தி எடுத்த படங்களில் இதற்கு நிகராக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

எடுத்தவர் ராபர்ட் ஹௌலெட். 'இல்லஸ்ட்ரேட்டட் டைம்ஸ்' பத்திரிகைக்காகக் கப்பல் வேலையைப் படம் பிடிக்கப் போனவர். அப்போது கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். அதனால் இருட்டறையையும் மருந்துப் புட்டிகளையும் கப்பல் தளத்துக்கே கொண்டுபோக வேண்டும், அதுவும் நவம்பர் மாத லண்டன் வெளிச்சத்தை நம்பி. அவ்வளவு பாடுபட்டும் பத்திரிகையில் அந்தப் போட்டோக்களை அப்படியே அச்சிட அன்று வழியில்லை. மரக்கட்டையில் செதுக்கித்தான் 1858 ஜனவரியில் போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஹௌலெட் இறந்துவிட்டார், வயது 27. புரூனல் 1859 செப்டம்பரில், 53 வயதில், கப்பல் முதல் பயணம் கிளம்பும் முன்பே போய்விட்டார்.

அப்புறம், கட்டுரையில் "தோல்விக் கப்பல்" என்று ஒரே வரியில் முடித்ததிலும் எனக்கு உடன்பாடில்லை. வழியில் நிலக்கரி ஏற்றாமலே இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகக் கட்டியது, அந்த ஓட்டம் நடக்கவில்லை, பயணிகளை ஏற்றியும் நஷ்டம், எல்லாம் சரிதான். ஆனால் 1866-இல் அட்லாண்டிக் தந்திக் கம்பியைப் போட்டு முடித்ததும், பிறகு பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கடலடிக் கம்பி போட்டதும் இதே கப்பல்தானே? அவ்வளவு நீளக் கம்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு போக அன்று வேறு எந்தக் கப்பலில் இடம் இருந்தது?

அடுத்த இதழில் முழுப் படத்தையும், அரைப் பக்கமாவது கொடுத்து, கீழே ஹௌலெட் பெயரோடு போடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், படத்தில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்